ஒரே கதை, ஒரே இயக்குநர், இரண்டு படங்கள்: ஹிட்ச்காக்கின் 1934-ஐயும் 1956-ஐயும் ஒப்பிட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் தன் படங்களில் ஒன்றைத்தான் மறுபடி எடுத்தார். ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’. முதல் பதிப்பு 1934-ல் லண்டனில், காமான்ட் பிரிட்டிஷ் நிறுவனத்துக்காக, கருப்பு வெள்ளையில், 75 நிமிடம். இரண்டாவது 1956-ல் ஹாலிவுட்டில், பாரமவுண்ட் நிறுவனத்துக்காக, டெக்னிகலரில், 120 நிமிடம். வெளியூர் போன தம்பதி, கண்முன் சாகும் ஓர் உளவாளி, அவன் கடைசியாக விட்டுப்போகும் ரகசியம், வாயைத் திறக்காமலிருக்கக் கடத்தப்படும் குழந்தை, ராயல் ஆல்பர்ட் ஹாலில் இசைக்கு நடுவே நடக்கவிருக்கும் கொலை. இந்த எலும்புக்கூடு இரண்டிலும் ஒன்றுதான்.

வேறொருவர் செய்த ரீமேக்கை ஒப்பிடும்போது வித்தியாசங்களையெல்லாம் ‘ஆள் மாறியது’ என்ற ஒரே கணக்கில் எழுதிவிடலாம். இங்கே அந்தச் சௌகரியம் கிடையாது. ஆள் அதே ஆள். அப்படியானால் மாறியது என்ன, ஏன்? சஸ்பென்ஸ் என்ற இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க இதைவிடத் தோதான ஜோடி கிடைப்பது அரிது. குறும்படம் எடுப்பவர், திரைக்கதை எழுதுபவர், விமர்சனம் எழுதுபவர் மூவருக்கும் இந்தப் பயிற்சி உதவும். நான்கு மாலைகள் ஒதுக்கினால் முடித்துவிடலாம்.

இரண்டு முடிவுகளும் இங்கே பேசப்படும். படங்களைப் பார்க்காதவர்கள் இரண்டாம் படி வரை படித்துவிட்டு, பார்த்து முடித்தபின் திரும்பி வாருங்கள்.

படி 1: சரியான பிரதியைப் பிடியுங்கள்

ஒப்பீடு பிழையாவது பெரும்பாலும் இங்கேதான். 1934 படத்துக்கு மங்கிப்போன, ஒலி கரகரக்கும் மலிவான பிரதிகள் பல காலமாகச் சுற்றி வருகின்றன. அவற்றில் பார்த்துவிட்டு ‘பழைய படத்தில் ஒளிப்பதிவு சுமார்’ என்று எழுதினால், நீங்கள் விமர்சிப்பது படத்தை அல்ல, பிரதியை. பழைய படங்களைச் சீரமைத்து டிஸ்க்கில் வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2013-ல் வெளியிட்ட பிரதி நம்பகமானது.

அடுத்து வேகம். சினிமா ஓடுவது நொடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பிய ‘பால்’ முறை டிவிடிகள் (குடிக்கிற பால் இல்லை, தொலைக்காட்சி ஒளிபரப்பு முறை) 25-ல் ஓட்டும். அதனால் 120 நிமிடப் படம் ஏறத்தாழ 115 நிமிடத்திலும், 75 நிமிடப் படம் 72 நிமிடத்திலும் முடியும். ‘ஏதோ வெட்டிவிட்டார்கள்’ என்று பதற வேண்டாம், ஒரு ஷாட்கூடக் குறையவில்லை. ஆனால் ஷாட்டின் நீளத்தை அளக்கப் போகிறவருக்கு இது விஷம். ஒன்று பால் டிவிடியிலும் மற்றொன்று ப்ளூரேயிலும் இருந்தால் எல்லா அளவிலும் 4 சதவீதம் பிசகும். போதாக்குறைக்குச் சுருதியும் ஏறிவிடும். இசையை மையமாகக் கொண்ட படத்தில் காது பழகியவருக்கு அது உடனே உறுத்தும். இரண்டையும் 24-ல் ஓடும் பிரதியில் பாருங்கள். வழியில்லை என்றால் பால் பிரதியில் எடுத்த நேரத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சட்டகம். 1934 படம் கிட்டத்தட்டச் சதுரம், அகலம் உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். 1956 படம் விஸ்டாவிஷனில் எடுத்தது. 35 எம்.எம். ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓட்டி, ஒரு ஃபிரேமுக்கு எட்டுத் துளை நீளம் செலவழிக்கும் முறை அது. நெகட்டிவ் பெரிதாவதால் படம் கூர்மையாக இருக்கும். ஆல்பர்ட் ஹாலின் தூரக் காட்சியில் ஆயிரம் தலைகளுக்கு நடுவே ஒரு திரைச்சீலையின் அசைவு தெரிவது அந்தக் கூர்மையால்தான். டிவியில் ‘திரையை நிரப்பு’ என்ற வசதி போட்டிருந்தால் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். பழைய படத்தின் தலையும் காலும் வெட்டுப்பட்டுப் போகும்.

படி 2: முதல் பார்வை, நோட்டுப் புத்தகம் இல்லாமல்

எதை முதலில் பார்ப்பது? பலரும் 1934 என்பார்கள், காலவரிசைதானே என்று. எங்கள் பரிந்துரை 1956. காரணம் எளிது. சஸ்பென்ஸ் ஒரு முறைதான் முழு வீரியத்தோடு வேலை செய்யும். நீளமான, மெதுவாகச் சூடேறும் 1956 பதிப்புக்கு அந்த முதல் முறை அவசியம். 1934 படம் வேகம், கிண்டல், திடீர்த் திருப்பம் ஆகியவற்றில் நிற்பது. கதை தெரிந்து பார்த்தாலும் அதன் சுவை அவ்வளவாகக் குறையாது.

இரண்டுக்கும் இடையில் ஒரு நாளாவது விடுங்கள். அடுத்தடுத்துப் பார்த்தால் தலைக்குள் இரண்டும் கலந்துவிடும். பிறகு எந்தப் படத்தில் பல் மருத்துவர், எதில் பஞ்சடைத்த புலி என்றே குழம்பும்.

முதல் முறை எதுவும் எழுதாதீர்கள். படம் முடிந்ததும் பத்து நிமிடத்துக்குள், எந்த இடத்தில் உடம்பு நிமிர்ந்தது, எங்கே கவனம் சிதறியது என்பதை மட்டும் நினைவிலிருந்து ஐந்து வரி எழுதி வையுங்கள். பின்னால் ஷாட் கணக்கெல்லாம் எடுத்தபின் இந்த ஐந்து வரிதான் உங்களை நேர்மையாக வைத்திருக்கும்.

படி 3: காட்சிப் பட்டியல்

ஒரு விரிதாளைத் திறந்து ஐந்து பத்திகள் போடுங்கள்: தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், நடப்பது (ஒரே வரியில்), படத்தில் எத்தனையாவது சதவீதம். கடைசிப் பத்தி முக்கியம். 75 நிமிடப் படத்தையும் 120 நிமிடப் படத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. தொடங்கும் நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அப்போதுதான் எந்தக் காட்சி முன்னால் வந்தது, எது பின்னால் தள்ளப்பட்டது என்று தெரியும்.

இரண்டு பட்டியலும் தயாரானதும் ஒத்த காட்சிகளைக் கோடு போட்டு இணையுங்கள்.

உளவாளி லூயி பெர்னார்டின் சாவு: 1934-ல் செயின்ட் மோரிட்ஸ் பனிமலை ஹோட்டலின் நடன அரங்கில், நாயகியோடு ஆடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக வரும் தோட்டா. 1956-ல் மராக்கேஷ் சந்தையில் முதுகில் கத்தி. மாறுவேடத்துக்குப் பூசிய பழுப்பு நிறம் நாயகன் பென்னின் கையில் வழுக்கி அப்பிக்கொள்ள, அவன் காதில் ரகசியத்தைச் சொல்லிவிட்டுச் சாகிறான்.

துப்பு: 1934-ல் சவரப் பிரஷ்ஷுக்குள் ஒளித்த சீட்டு. 1956-ல் ‘ஆம்ப்ரோஸ் சாப்பல்’ என்ற வாய்மொழி. முந்தையது வாப்பிங் பகுதியின் பல் மருத்துவரிடம் கொண்டுபோய் விடுகிறது. பிந்தையதை ஆள் பெயர் என்று நினைத்து விலங்குகளுக்குப் பஞ்சடைக்கும் ஒருவரின் பட்டறையில் போய் விழுகிறான் பென். அது சாப்பல் என்ற ஆள் இல்லை, தேவாலயம் என்று பிறகுதான் உறைக்கிறது.

தேவாலயம்: இரண்டிலும் துதிப்பாடலின் மெட்டிலேயே சேதியைப் பாடிக்கொள்ளும் நகைச்சுவை உண்டு. 1934-ல் அப்படிப் பாடுவது நாயகன் பாபும் அவன் நண்பன் கிளைவும். 1956-ல் பென்னும் அவன் மனைவி ஜோவும். இந்தச் சின்ன ஆள்மாற்றத்தைப் பட்டியலில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். படம் முழுக்க நடந்திருப்பது இதன் பெரிய வடிவம்தான். முதல் படத்தில் இரண்டு ஆண்கள் துப்பறியப் போக, தாய் வீட்டில் காத்திருக்கிறாள். இரண்டாவதில் அந்த நண்பன் பாத்திரமே இல்லை. அவன் இடத்தில் மனைவி.

இணைக்க முடியாமல் தனியே நிற்கும் காட்சிகளும் இருக்கும். 1934-ன் கடைசித் துப்பாக்கி முற்றுகை 1956-ல் கிடையாது. 1911-ல் லண்டன் சிட்னி தெருவில் நடந்த உண்மைச் சம்பவத்தின் சாயல் அதில் உண்டு. போலீசார் ஆயுதத்தோடு திரிவதாகக் காட்டக்கூடாது என்று தணிக்கைத் தரப்பு அடம்பிடித்ததால், அவர்களுக்குத் துப்பாக்கிக் கடையிலிருந்து ஆயுதம் வந்து சேர்வதாக எடுத்தார்கள். 1956-ன் தூதரகக் காட்சி 1934-ல் கிடையாது. தனித்து நிற்கும் காட்சிகளைத் தூக்கி எறியாதீர்கள், ஆறாம் படியில் அவைதான் தேவைப்படும்.

படி 4: யாருக்கு என்ன தெரியும்

வழிகாட்டியின் முதுகெலும்பு இந்தப் படி. பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

மேசைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேலே பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால்தான் சஸ்பென்ஸ், திடீரென்று வெடித்தால் அது வெறும் அதிர்ச்சி என்று ஹிட்ச்காக் தன்னைப் பேட்டி கண்ட பிரெஞ்சு இயக்குநர் ட்ருஃபோவிடம் விளக்கியது பலருக்கும் தெரியும். தெரிந்ததோடு சரி, அதை அளந்து பார்ப்பவர்கள் குறைவு. அளக்கும் வழி இது: ஒரு காட்சியை எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் இடப்பக்கம் எழுதுங்கள். கடைசி வரிசையில் ‘பார்வையாளர்’. மேலே மூன்று பத்தி: என்ன நடக்கப்போகிறது, எங்கே, எப்போது. தெரிந்தால் டிக், தெரியாவிட்டால் கோடு.

முதலில் சிறிய காட்சியில் பழகுங்கள். குழந்தை கடத்தப்பட்டது தாய்க்குத் தெரியும் இடம். 1934-ல் தாய் ஜில்லின் கையில் சீட்டு வருகிறது, படிக்கிறாள், உலகமே சுழல்வதுபோல் கேமரா சுழல்கிறது, மயங்கி விழுகிறாள். அவளுக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தெரிகிறது. அட்டவணை சமமாக இருக்கும். அதிர்ச்சி மட்டும்தான், அதுவும் சில நொடி.

1956-ல் மராக்கேஷ் காவல் நிலையத்தில் பென்னுக்கு மிரட்டல் தொலைபேசி வருகிறது. நமக்கும் அவனுக்கும் தெரியும், ஜோவுக்குத் தெரியாது. ஹோட்டல் அறைக்குத் திரும்புகிறார்கள். அவன் டாக்டர். தூக்க மாத்திரையை எடுத்து, ‘இதைப் போட்டுக்கொள், பிறகுதான் சொல்வேன்’ என்கிறான். அவளுக்கு மாத்திரை வேண்டாம், சேதி வேண்டும். பேரம் நடக்கிறது. அவள் விழுங்குகிறாள். மருந்து இறங்கத் தொடங்கியபின்தான் மகன் போன கதையைச் சொல்கிறான். அவள் எழுந்து ஓடப் பார்க்க, அவன் படுக்கையில் அழுத்திப் பிடிக்கிறான். அட்டவணையில் ஒரே ஒரு கோடுதான், ஜோவின் பெயருக்கு நேரே. அந்த ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் நம்மை நெளிய வைக்கிறார். கூடவே ஒரு கல்யாணத்தின் உள்விவகாரமும் வெளியே வருகிறது. மேடைப் பாடகியாக இருந்தவள், கணவனுக்காகத் தொழிலை விட்டவள். அவளுக்கு எது நல்லது என்று தீர்மானிப்பது அவன். இரண்டாவது படத்தின் கூடுதல் 45 நிமிடம் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு இந்த அறைதான் பதில். மராக்கேஷ் சுற்றுலாக் காட்சிகளில் கொஞ்சம் வீணாகவும் போயிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

படி 5: ஆல்பர்ட் ஹால், ஷாட் ஷாட்டாக

இப்போது பெரிய காட்சி. 1956 பதிப்பில் இசை தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 12 நிமிடம் காதில் விழும்படி ஒரு வசனம்கூடக் கிடையாது. சுமார் 124 ஷாட். சராசரி எடுத்தால் ஒரு ஷாட்டுக்குக் கிட்டத்தட்ட 5.8 நொடி. இந்தச் சராசரியை எழுதிவிட்டு நிறுத்திவிடுவது பலரும் செய்யும் தவறு. தொடக்கத்தில் நீண்ட ஷாட்டுகளும் முடிவில் துண்டுகளுமாக இருக்கும் காட்சிக்குச் சராசரி எதையும் சொல்லாது. நிமிடவாரியாக எண்ணுங்கள். முதல் நிமிடத்தில் எத்தனை, பத்தாவது நிமிடத்தில் எத்தனை என்று வரைபடம் போடுங்கள். கோடு ஏறும் இடம்தான் சஸ்பென்ஸ் முறுக்கேறும் இடம்.

கணினியில் படம் ஓட்டும் விஎல்சி செயலியில் ஆங்கில ‘ஈ’ விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேமாக நகரும். ஒவ்வொரு கட்டிலும் நிறுத்தி நான்கு விஷயம் குறியுங்கள்: நேரம், ஷாட்டின் அளவு (தூரம், நடுத்தரம், க்ளோசப்), சட்டகத்தில் யார், அவர் எங்கே பார்க்கிறார். இந்த நான்காவதைப் பலர் விட்டுவிடுவார்கள். வசனமில்லாத காட்சியில் வாக்கியத்தை முடிப்பது பார்வைதான். ஜோ மேலே பார்க்கிறாள், கட், கொலையாளி ஒளிந்திருக்கும் பால்கனி அறையின் திரைச்சீலை. ஜோ எதிரே பார்க்கிறாள், கட், கொல்லப்படவிருக்கும் பிரதமர். இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தீப்பெட்டிக் குச்சிபோல அவள் நிற்பது, நீங்கள் குறித்த பார்வைத் திசைகளை ஒரு தாளில் அம்புகளாக வரைந்தால் பளிச்சென்று தெரியும்.

அட்டவணையைப் போடுங்கள். கொலையாளி ரியன்: எல்லாம் தெரியும். பார்வையாளர்: எல்லாம் தெரியும், நேரம்கூட. ஏனென்றால் சிம்பல் மோதும் ஓசையில் துப்பாக்கிச் சத்தம் அமுங்கிவிடும் என்பதை, இசைத்தட்டைப் போட்டுக் காட்டி நமக்கும் சேர்த்தே கடத்தல் கும்பலின் ட்ரெய்டன் பாடம் எடுத்துவிட்டார். சிம்பல் என்றால் பெரிய தாம்பாள அளவில் இருக்கும் ஜால்ரா என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் தொடக்க எழுத்துக்களே இசைக்குழுவின் மேல்தான் ஓடும், முடிவில் சிம்பல் மோதும். ஜோ: காவல் அதிகாரி புக்கானனைத் தேடித்தான் அரங்குக்கு வந்தாள், கொலை நடக்கும் இடம் இதுதான் என்று தெரியாமல். வாசல் கூடத்தில் ரியன் எதிர்ப்பட்டு, மகனின் உயிர் அவள் நடத்தையில் இருக்கிறது என்று சொன்னபின்தான் புரிகிறது. எங்கே என்பதற்கு டிக், எப்போது என்பதற்குக் கோடு. பென்: பாதியில் வந்து சேர்கிறான். பிரதமர்: மூன்றும் கோடு.

இன்னொரு பெயரையும் மறக்காமல் சேருங்கள். சிம்பல் வாசிப்பவர். அவருக்கும் மூன்றும் கோடுதான், ஆனால் கொலையின் நேரம் அவர் கையில். அவர் உட்கார்ந்திருப்பது, தாளைப் பார்ப்பது, எழுவது, தட்டுகளைக் கையில் எடுப்பது. ஒன்றுமறியாத ஒரு மனிதரின் அன்றாட வேலையைக் கடிகார முள்ளாக மாற்றிவிட்டார் ஹிட்ச்காக்.

1934-ஐ இதே அட்டவணையில் போட்டால் வேறு உருவம் வரும். ஜில் அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்தே வருகிறாள். மகளின் ப்ரூச்சை (உடையில் குத்தும் அலங்கார ஊசி) கையில் திணித்து எச்சரிக்கிறார்கள். கணவன் பாப் கும்பலிடம் சிறை. அவர்கள் வானொலியில் அதே கச்சேரியைக் கேட்டுக் காத்திருக்கிறார்கள். ஆகவே அரங்குக்குள் அவள் முழுத் தனிமை. கண்ணீரில் அவள் பார்வை மங்குவதைப் பிம்பம் மங்குவதாகவே காட்டிவிட்டுத் துப்பாக்கிக் குழாய்க்கு வருவார். 1956-ல் இல்லாத அழகு அது. 1956-ல் பென் அரங்குக்குள் ஓடுவதும், காவலர்களிடம் நமக்குக் கேட்காமல் வாதாடுவதும், ஒவ்வொரு கதவாகத் தட்டுவதும் நேரத்தை இழுக்கின்றன. இழுத்தால் முறுக்கேறும், உண்மை. ஆனால் அவளுடைய தர்மசங்கடத்தில் பாதியை அவன் வாங்கிக்கொள்கிறான் என்பதும் உண்மை.

அரங்கை எப்படிக் காட்டினார்கள் என்பதையும் ஒரு வரி குறியுங்கள். 1934-ல் அவ்வளவு கூட்டத்தைக் கூட்டக் காசில்லை. மட்டானியா என்ற ஓவியரைக் கொண்டு பார்வையாளர்களை வரையவைத்து, ஷுஃப்டன் முறையில் கண்ணாடி வழியாகப் பிரதிபலிக்கச் செய்து, ரசம் சுரண்டிய பகுதியில் மட்டும் உயிருள்ள ஆட்களை இணைத்தார்கள். 1956-ல் இசை நடத்துநராக மேடையில் நிற்பவர் படத்தின் இசையமைப்பாளர் பெர்னார்டு ஹெர்மன், வாசிப்பது லண்டன் சிம்ஃபனி. ஹெர்மனுக்குப் புதிதாக எழுத வாய்ப்பிருந்தும், ஆர்தர் பெஞ்சமின் முதல் படத்துக்காக எழுதிய ‘ஸ்டார்ம் க்ளவுட்ஸ்’ இசையையே வைத்துக்கொண்டார். நீளம் மட்டும் கூட்டப்பட்டது. இது ஒப்பிடுபவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். இசை மாறாத இடத்தில் காட்சியின் மாற்றம் தெளிவாக விழும்.

கடைசியாக இரண்டு பரிசோதனை. ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள், பிறகு திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். ஒலியில்லாமல் ஓட்டும்போது ஜோவின் முகமும் சிம்பல்காரரும் தாங்கி நிற்பார்கள். படமில்லாமல் கேட்கும்போது இது ஒரு கச்சேரி, அவ்வளவுதான், அந்த அலறல் வரும்வரை.

படி 6: விதைத்ததும் அறுத்ததும்

முடிவில் பயன்படும் ஒவ்வொரு பொருளும் முன்னால் எங்கே காட்டப்பட்டது என்று தேடுங்கள். முடிவிலிருந்து பின்னோக்கிப் போவது எளிது.

1934: கூரையில் மகளோடு தள்ளாடும் கொலையாளி ரமோனைக் குறிபார்க்கப் போலீஸ்காரர் தயங்க, துப்பாக்கியை வாங்கித் தாயே சுடுகிறாள். இதன் விதை படத்தின் தொடக்கத்தில் அதே ரமோனிடம் அவள் தோற்ற சுடும் போட்டி. அப்போது அவள் கவனத்தைக் கலைத்தது பீட்டர் லோரி நடித்த ஆபட்டின் மணியடிக்கும் சட்டைப்பைக் கடிகாரம். கடைசியில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆபட்டைக் காட்டிக்கொடுப்பதும் அதே மணி. இவ்வளவு சிக்கனமான முடிச்சு இரண்டாவது படத்தில் இல்லை.

1956: தூதரகத்தில் ஜோ பியானோவில் உட்கார்ந்து ‘கே செரா செரா’ பாட, மாடியில் அடைபட்ட மகன் ஹேங்க் சீட்டியடித்துப் பதில் தருகிறான். விதை, மராக்கேஷ் ஹோட்டலில் தாயும் மகனும் சேர்ந்து பாடியது. லிவிங்ஸ்டனும் எவன்சும் எழுதிய அந்தப் பாட்டு ஆஸ்கர் வாங்கியதால், பலர் அதை ஜோவாக நடித்த பாடகி ‘டோரிஸ் டேக்காகத் திணித்த பாட்டு’ என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் பட்டியல் அதை மறுக்கும். ஜில்லின் ஆயுதம் துப்பாக்கி. ஜோவின் ஆயுதம் குரல்: அரங்கில் அலறலாக, தூதரகத்தில் பாட்டாக. கணவன் நிறுத்திவைத்த குரல் அது. முற்றுகைக் காட்சி போய்த் தூதரகம் வந்ததற்கு இதுவே கதைக்குள் இருக்கும் காரணம். திரைக்கதை எழுதிய ஜான் மைக்கேல் ஹேய்ஸைப் பழைய படத்தைப் பார்க்கவிடாமல் கதையை வாயால் மட்டுமே ஹிட்ச்காக் சொன்னார் என்பதையும் இங்கே சேர்த்து யோசியுங்கள். வாயால் மறுபடி சொல்லும்போது எது நிலைக்கும், எது உதிரும்?

படி 7: விழுந்துவிடக் கூடாத குழிகள்

முதல் படம் திறமையுள்ள ஓர் அமெச்சூர் செய்தது, இரண்டாவது தொழில் தெரிந்தவர் செய்தது என்று ஹிட்ச்காக்கே ட்ருஃபோவிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் கெடுத்த கட்டுரைகள் ஏராளம். அதை முடிவாக எடுக்காமல், சோதிக்க வேண்டிய கூற்றாக எடுங்கள். கடிகார முடிச்சும் மங்கும் பிம்பமும் அமெச்சூர் வேலையா?

பட்ஜெட்டையே எல்லாவற்றுக்கும் காரணமாக்குவது அடுத்த குழி. மொராக்கோவில் படப்பிடிப்பு, பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் காசால் வந்தவைதான். மாத்திரைக் காட்சிக்குத் தேவைப்பட்டது ஓர் அறை, இரண்டு நடிகர்கள்.

வேகத்தைத் தரமாக நினைப்பதும் தவறு. 1956-ல் பெர்னார்டு சாகும் நேரத்துக்குள் 1934-ல் குழந்தையே கடத்தப்பட்டு வெகுநேரமாகியிருக்கும். அதனால் முதலாவது ‘விறுவிறுப்பு’, இரண்டாவது ‘இழுவை’ என்று எழுதும் முன், அந்த நேரத்தில் யாருக்கு எத்தனை கோடு விழுந்திருக்கிறது என்று அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

படி 8: வேறு ஜோடிகளில் கைப்பழக்கம்

மிக்கேல் ஹானெக்கேயின் ‘ஃபன்னி கேம்ஸ்’ (ஆஸ்திரியா 1997, அமெரிக்கா 2007) ஷாட்டுக்கு ஷாட் அதே படம். இங்கே நான்காம், ஆறாம் படிகளால் பயனில்லை, அட்டவணை ஒன்றேதான். மொழியும் நடிகர்களும் மாறியதால் மட்டும் என்ன மாறுகிறது என்று பார்க்க இது ஆய்வகச் சோதனை மாதிரி. சூசன் லோதார், நவோமி வாட்ஸ் இருவரின் முகத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

ஜார்ஜ் ஸ்லூய்ஸரின் ‘ஸ்பூர்லோஸ்’ (1988), அவரே ஹாலிவுட்டில் எடுத்த ‘தி வேனிஷிங்’ (1993) எதிர்த்துருவம். டிம் கிராபேயின் நாவலிலிருந்து வந்த கதை. காணாமல் போன காதலிக்கு என்ன ஆனது என்று தெரிந்தே தீர வேண்டும் என்ற வெறிதான் இயந்திரம். முதல் படத்தில் அந்தப் பதிலுக்கு நாயகன் உயிரோடு புதைந்து விலை கொடுக்கிறான். இரண்டாவதில் புதிய காதலி வந்து தோண்டிக் காப்பாற்றிவிடுகிறாள். அட்டவணையின் கடைசி வரி மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கட்டியதெல்லாம் சரிகிறது. விலையில்லாத பதிலுக்கு யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்?

பக்கத்திலேயே ஒரு ஜோடி இருக்கிறது. ஜீத்து ஜோசப்பின் ‘த்ரிஷ்யம்’ (2013), ‘பாபநாசம்’ (2015). காவல் அதிகாரியாக இரண்டிலும் ஆஷா சரத். ஒளிப்பதிவும் இரண்டிலும் சுஜித் வாசுதேவ். இத்தனை மாறாமல் இருக்க, ஜெயமோகன் எழுதிய நெல்லை வழக்கும், கடைசியில் இறந்தவனின் பெற்றோர் முன் மோகன்லால் காட்டும் அடக்கத்துக்கும் கமலின் உடைதலுக்கும் உள்ள தூரமும் தனியே துலங்கும். பார்வையாளருக்குப் பிணம் எங்கே என்பது எத்தனையாவது சதவீதத்தில் தெரிகிறது என்று இரண்டிலும் அளந்து பாருங்கள்.

எழுத உட்காரும்போது எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள், ஓடும் நேரம் எவ்வளவு என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் அருகில் நிமிடமும் நொடியும் போடுங்கள், வாசகர் திறந்து சரிபார்க்க முடியும். ஷாட் எண்ணிக்கையை வேறொருவரிடம் கொடுத்து ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். டிசால்வை (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது தெரிவது) ஒரு கட்டாகக் கணக்கிடுவதா, அதன் எந்தப் புள்ளியில் நேரம் குறிப்பது என்பதில்தான் பெரும்பாலும் இருவர் கணக்கும் முட்டும். அதை முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை அதே விதியில் எண்ணுங்கள்.